470-இல் நின்ற சுமைச் சோதனை: பதிவுச் செயலி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பயிற்சி வகுப்புகளுக்கு இணையவழியில் இடம் பதிவு செய்யும் வலைச் செயலி ஒன்றை எங்கள் குழு பராமரித்து வந்தது. ஆண்டில் சில நாட்களில் மட்டும், அறிவிக்கப்பட்ட நேரத்தில் பதிவு திறக்கும். திறந்த முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலானோர் வந்துவிடுவார்கள். இந்தச் சோதனைக்கு முந்தைய பதிவு நாளில் செயலி ஏறத்தாழ அரை மணி நேரம் முடங்கியது. பலர் மூன்று நான்கு முறை முயன்றும் இடம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் தவித்தார்கள். அது மறுபடியும் நடக்கக்கூடாது என்பதால்தான் முறையான சுமைச் சோதனை, அதாவது பலர் ஒரே நேரத்தில் வருவதைப் போலச் செயற்கையாகக் கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கும் சோதனை, நடத்த முடிவெடுத்தோம்.

அமைப்பு சிக்கலானதல்ல. முன்னால் வரும் கோரிக்கைகளை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் டாம்கேட் என்ற செயலிச் சர்வரில் ஓடும் நான்கு செயலிப் பிரதிகள், ஒவ்வொன்றிலும் தரவுத்தள இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்திருக்கும் ஹிகாரி கனெக்‌ஷன் பூல், அதற்கும் பின்னால் எட்டு கோர் கொண்ட ஒற்றைச் சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 13ஆம் பதிப்பு. பூலின் அளவு ஹிகாரியின் இயல்பு மதிப்பான 10-இலேயே இருந்தது. எனவே தரவுத்தளத்துக்குச் செல்லும் இணைப்புகள் மொத்தம் 40. போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கும் இணைப்புகளின் உச்சவரம்பும் இயல்பு மதிப்பான 100-இல்தான் இருந்தது.

முந்தைய பதிவு நாளின் லாக் கோப்புகளை (நிகழ்வுப் பதிவேடுகளை) வைத்து, விநாடிக்கு 600 பதிவு முயற்சிகளைத் தாங்க வேண்டும், நூற்றில் 95 முயற்சிகள் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும் என்று இலக்கை வகுத்தோம். வகுப்புப் பட்டியலைப் பார்ப்பது, இடம் இருக்கிறதா என்று கேட்பது, பதிவை உறுதி செய்வது ஆகிய மூன்று கோரிக்கைகளும் சேர்ந்ததே ஒரு முயற்சி.

முதல் சோதனையும் அதில் கண்டதும்

சுமை கொடுக்கும் கருவியான ஜேமீட்டரில் ஸ்கிரிப்ட் எழுதினோம். பயனர்களைப் போல நடிக்கும் 600 த்ரெட்கள், ஒவ்வொரு த்ரெட்டும் விநாடிக்கு ஒரு முயற்சியைத் தொடங்கும், எல்லா த்ரெட்களும் பத்து விநாடிக்குள் படிப்படியாகக் களத்தில் இறங்கும். வரைகலைத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு சுமை கொடுக்கக்கூடாது என்பது தெரிந்திருந்ததால், கட்டளை வரியிலிருந்தே ஓட்டினோம். சோதனைக் கணினி ஒன்றே ஒன்று.

30 விநாடிக்கு ஓட்டிய ஒத்திகைகள் எல்லாம் பிசகின்றி முடிந்தன. பத்து நிமிடச் சோதனையை ஓட்டியபோதுதான் நிலைமை மாறியது. முதல் 50 விநாடி வரை விநாடிக்கு 600 முயற்சிகள் சீராக நடந்தன. அதன் பிறகு பிழைகள் பெருகின. வெற்றி பெற்ற முயற்சிகள் ஏறி இறங்கினாலும், நிமிடக் கணக்கில் பார்த்தால் அவற்றின் சராசரி விநாடிக்கு 470-ஐத் தாண்டவே இல்லை. செயலிச் சர்வர்களின் சிபியு பயன்பாடு பாதியைக் கூடத் தொடவில்லை. சராசரி மறுமொழி நேரமோ பிழைகள் தொடங்கிய பிறகு குறைந்திருந்தது. தோற்ற முயற்சி சில மில்லிவிநாடிகளிலேயே திரும்பி வந்துவிடும், அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எண் அழகாகத்தான் தெரியும் என்பதை அன்று எங்களில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வெற்றியையும் தோல்வியையும் தனித்தனியே பிரித்துப் பார்த்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

தவறான திசையில் எடுத்த முதல் முடிவு

முந்தைய முடக்கத்துக்குத் தரவுத்தளமே காரணம் என்ற எண்ணம் குழுவில் ஏற்கெனவே ஊறியிருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள, தரவுத்தளப் பொறுப்பாளர் போஸ்ட்கிரெஸுடன் வரும், வேகம் அளக்கும் பிஜிபெஞ்ச் கருவியைத் தனியாக ஓட்டினார். 50 கிளையன்ட்கள் வைத்து ஓட்டியதில் கிடைத்த வேகம் மிகவும் குறைவாக இருந்தது. ஐயம் உறுதியாகிவிட்டதாக எல்லோரும் எண்ணினோம்.

உண்மையில் அந்த அளவீடு எங்கள் தரவுத்தளத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பிஜிபெஞ்சுக்கான தரவை உருவாக்கும்போது அளவுக் காரணியை (தரவின் அளவைத் தீர்மானிக்கும் எண்ணை) குறிப்பிடாவிட்டால் அது 1 என்றே எடுத்துக்கொள்ளப்படும். அந்த நிலையில் கணக்கு அட்டவணையில் 1,00,000 வரிகளும், காசாளர் அட்டவணையில் 10 வரிகளும், கிளை அட்டவணையில் ஒரே ஒரு வரியும் இருக்கும். இயல்பான சோதனைப் பரிவர்த்தனை (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுதி) ஒவ்வொன்றும் கிளை அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தும். ஆக, 50 கிளையன்ட்களும் அந்த ஒற்றை வரியைத் திருத்துவதற்காக ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். அளவுக் காரணி, கிளையன்ட்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அந்தக் கருவியின் ஆவணமே சொல்கிறது. நாங்கள் அதைப் படித்தது பிறகுதான்.

அன்று எடுத்த முடிவு இது: ஒவ்வொரு பூலையும் 10-இலிருந்து 100-ஆகவும், தரவுத்தளத்தின் இணைப்பு உச்சவரம்பை 100-இலிருந்து 500-ஆகவும் உயர்த்தினோம். சோதனையை மீண்டும் ஓட்டினோம். எண் மாறவில்லை, அதே 470. பயன் தராத அந்த மாற்றத்தை உடனே பழைய நிலைக்குத் திருப்பியிருக்க வேண்டும். கூடுதலாக இருப்பதில் கெடுதல் என்ன என்று அப்படியே விட்டுவிட்டோம். அதன் விலையைப் பின்னால் கொடுத்தோம்.

470 என்ற எண் எங்கிருந்து வந்தது

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த சோதனையாளர் ஒருவர், சர்வரில் எதை மாற்றினாலும் ஒரே எண் வருகிறதென்றால் அந்த எண் சர்வரைச் சேர்ந்ததாக இருக்க முடியுமா என்று கேட்டார். இந்த நிகழ்வு முழுவதிலும் கேட்கப்பட்ட சிறந்த கேள்வி அதுவே.

சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனைக் கணினியில் சாக்கெட் (பிணைய இணைப்பு) நிலவரத்தை எடுத்துப் பார்த்தோம். டைம்-வெயிட் நிலையில், அதாவது மூடப்பட்டும் முழுதாக விடுவிக்கப்படாமல், இருந்த இணைப்புகள் 28,000-ஐ நெருங்கியிருந்தன. ஜேமீட்டரின் பிழைக் கோப்பில் தோற்ற ஒவ்வொரு முயற்சிக்கும் எதிரே, கேட்ட முகவரியை ஒதுக்க இயலவில்லை என்று பொருள்படும் ஒரே செய்தி நின்றது. அந்தச் செய்தி சர்வரிலிருந்து வந்ததல்ல. சோதனைக் கணினியின் இயங்குதளமே ஜேமீட்டரிடம் சொன்னது. தோற்ற முயற்சிகள் சர்வரை எட்டவே இல்லை.

கணக்கு இதுதான். லினக்ஸில் ஒரு நிரல் வெளியே இணைப்பைத் திறக்கும்போது, தற்காலிகப் போர்ட் எண் (இணைப்பின் இந்தப் பக்க முனையை அடையாளம் காட்டும் எண்) 32768 முதல் 60999 வரையிலான வரம்பிலிருந்து ஒதுக்கப்படுகிறது. இது இயல்பு வரம்பு. மொத்தம் 28,232 போர்ட்கள். இணைப்பை முதலில் மூடும் தரப்பில் அந்தப் போர்ட் 60 விநாடி டைம்-வெயிட் நிலையில் காத்திருக்கும்; அதே சர்வர் முகவரிக்கும் அதே போர்ட்டுக்கும் அதை அதற்குள் மறுபடி பயன்படுத்த முடியாது. 28,232-ஐ 60-ஆல் வகுத்தால் 470 வருகிறது. எங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு சுற்றையும் (ஒரு த்ரெட்டின் ஒரு முயற்சியையும்) புதிய பயனராகக் கருதும்படி அமைத்திருந்ததால், சுற்று முடிந்ததும் ஜேமீட்டரே இணைப்பை மூடிவிட்டு அடுத்த சுற்றுக்குப் புதிய இணைப்பைத் திறந்தது. எல்லா இணைப்புகளும் என்ஜின்எக்ஸின் ஒரே முகவரிக்குத்தான் சென்றன.

50 விநாடிக் கணக்கும் இதிலேயே அடங்கியது. த்ரெட்கள் படிப்படியாக இறங்கிய முதல் பத்து விநாடியில் சுமார் 3,000 போர்ட்கள் செலவாகின. மீதமிருந்த 25,232 போர்ட்கள், விநாடிக்கு 600 வீதம் 42 விநாடியில் தீர்ந்தன. ஆக 52ஆவது விநாடி. 30 விநாடி ஒத்திகைகள் ஏன் ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

சோதனைக் கணினியைப் பெருக்கிய முடிவு

இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று கண்ணெதிரே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே பயனர் என்ற தெரிவை ஜேமீட்டரில் குறித்துவிட்டால், த்ரெட் தன் இணைப்பைத் தொடர்ந்து பயன்படுத்தும். போர்ட் சிக்கல் மறைந்துவிடும். குழுவில் இருவர் அதையே விரும்பினர். நான் அதை எதிர்த்தேன். இன்றும் அந்த நிலைப்பாட்டில் மாற்றமில்லை. பதிவு நாளில் வருகிறவர்கள் 600 பேர் திரும்பத் திரும்ப வருவதில்லை. விநாடிக்கு 600 புதிய ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் புதிய இணைப்பைத் திறந்து, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் கைகுலுக்கலை முடித்த பிறகே முதல் கோரிக்கையை அனுப்புகிறார்கள். அந்த வேலை என்ஜின்எக்ஸின் தலையில் விழுகிறது. இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சோதனை அந்தச் செலவை அளக்காமலே தேர்ச்சிச் சான்று கொடுத்துவிடும்.

போர்ட் வரம்பை விரிப்பது, டைம்-வெயிட்டில் உள்ள போர்ட்டை மறுபயன்பாட்டுக்கு எடுக்கும்படி லினக்ஸ் கர்னலை அமைப்பது ஆகிய வழிகளையும் பேசினோம். இரண்டும் செய்யத் தக்கவையே. ஆனால் அளக்கும் கருவியின் போக்கை மாற்றாமல் அதன் கொள்ளளவை மட்டும் கூட்ட வழியிருக்கும்போது அதையே முதலில் செய்வது நல்லது என்று கருதி, தனித்தனி முகவரி கொண்ட மூன்று கணினிகளிலிருந்து தலா 200 முயற்சிகள் வீதம் சுமை கொடுக்க முடிவெடுத்தோம். 200 என்பது 470-க்கு வெகு கீழே. மூன்று கணினிகளிலும் சிபியு, நினைவகம், டைம்-வெயிட் எண்ணிக்கை ஆகியவற்றைச் சோதனை முழுவதும் பதிவு செய்தோம்.

மூன்று கணினிகளின் முடிவுகளைச் சேர்க்கும்போது, ஒவ்வொன்றின் 95ஆவது பெர்சன்டைலையும் (நூற்றில் 95 முயற்சிகள் முடிந்துவிடும் நேரத்தையும்) எடுத்துச் சராசரி போட்டால் கிடைப்பது பொருளற்ற எண். மூல அளவீடுகளை ஒரே கோப்பாகச் சேர்த்து, அதிலிருந்தே கணக்கிட்டோம்.

இரண்டாம் சோதனை: ஒரே வரிக்கு முன் நின்ற கூட்டம்

இம்முறை 600 முயற்சிகளும் உண்மையிலேயே சர்வரை எட்டின, சர்வர் திணறியது. பட்டியல் பக்கமும் இட இருப்புக் கேள்வியும் வேகமாக நடக்க, பதிவை உறுதி செய்யும் கோரிக்கைகள் மட்டும் விநாடிக்கு 80-ஐ ஒட்டி நின்றன. இதைக் கூட உடனே காணவில்லை. பதிவு தோற்றபோது செயலி, மீண்டும் முயலவும் என்ற பக்கத்தை 200 என்ற வெற்றிக் குறியீட்டுடன் அனுப்பிக்கொண்டிருந்தது. பதிவு எண் பக்கத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வரியை ஸ்கிரிப்டில் சேர்த்த பிறகே உண்மை நிலவரம் வெளிப்பட்டது.

தரவுத்தளத்தில் ஒவ்வொரு இணைப்பும் அப்போது செய்வதைக் காட்டும் பிஜி ஸ்டேட் ஆக்டிவிட்டி காட்சியைத் திறந்து பார்த்தபோது கண்ட திரை இன்னும் நினைவில் இருக்கிறது. ஏறக்குறைய 400 வரிகள். எல்லாவற்றிலும் ஒரே அப்டேட் கட்டளை: வகுப்பு அட்டவணையில் மீதமுள்ள இடங்களிலிருந்து ஒன்றைக் கழிப்பது. ஒரு வரி மட்டும் காத்திராமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வரி, அந்தப் பரிவர்த்தனை முடிவதற்காகக் காத்திருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே காத்திருப்பின் வகை பூட்டு என்றும், காத்திருக்கும் பொருள் டியூப்பிள் (அட்டவணை வரி) என்றும் இருந்தது. அதாவது, வரிசையில் இரண்டாவதாக நிற்பதற்கே மீதி அத்தனை இணைப்புகளும் போட்டியிட்டன.

தரவுத்தளப் பொறுப்பாளர் அதைப் பார்த்ததும், பிஜிபெஞ்சில் கண்ட அதே கோலம் என்றார். ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தோம். எல்லாப் பயனர்களும் முதல் வகுப்புக்கே பதிவு செய்யும்படி எழுதப்பட்டிருந்தது.

இங்கேயும் எளிய தீர்வு ஒன்று இழுத்தது: எல்லா வகுப்புகளுக்கும் சமமாகப் பரப்பிவிடலாம். அதுவும் உண்மைக்குப் புறம்பானதே. பழைய லாக் கோப்புகளைப் பார்த்தால், மிகவும் விரும்பப்பட்ட ஒரு வகுப்புக்கு மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முயற்சிகள் வந்திருந்தன. அந்தப் பங்கீட்டையே ஸ்கிரிப்டுக்கும் கொடுத்தோம். அப்படியானால் அந்த ஒரு வகுப்பின் வரியை விநாடிக்கு 200 பரிவர்த்தனைகள் திருத்தியாக வேண்டும்.

எங்கள் நிரலில் அப்டேட் கட்டளை பரிவர்த்தனையின் தொடக்கத்திலேயே இருந்தது. அதன் பின் தகுதிச் சரிபார்ப்பு, பதிவு வரியைச் சேர்த்தல், நடவடிக்கைக் குறிப்பைச் சேர்த்தல் என்று மூன்று கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே ஒரு போக்குவரத்து, கடைசியில் மாற்றங்களை உறுதிசெய்து பூட்டை விடுவிக்கும் கமிட். அளந்து பார்த்ததில், பூட்டு பிடிக்கப்பட்டிருந்த நேரம் சராசரியாக 12 மில்லிவிநாடி. ஒரு வரியின் பூட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும் என்பதால், விநாடிக்கு 83 திருத்தங்களுக்கு மேல் அந்த வரியில் நடக்க வழியே இல்லை. எத்தனை கோர்கள் சேர்த்தாலும், எத்தனை இணைப்புகள் கூட்டினாலும் இந்த எல்லை அசையாது.

எனவே அப்டேட் கட்டளையைப் பரிவர்த்தனையின் கடைசிக்கு, கமிட்டுக்குச் சற்று முன்னால் நகர்த்தினோம். பூட்டு நேரம் 4 மில்லிவிநாடியாகக் குறைந்தது. எல்லை 250-ஆக உயர்ந்தது. இதற்கு ஒரு விலை உண்டு. இடம் தீர்ந்துவிட்ட வகுப்புக்கு வரும் முயற்சி, எல்லா வேலைகளையும் செய்து முடித்த பிறகே தோற்றுத் திரும்பும். அதைத் தணிக்க, பரிவர்த்தனையின் தொடக்கத்தில் பூட்டு இல்லாத சாதாரண வாசிப்பாக இட இருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லையென்றால் அங்கேயே நிறுத்தும்படி செய்தோம். 200 தேவைக்கு 250 கொள்ளளவு என்பது தாராளமானதல்ல என்பது தெரிந்தே இதை ஏற்றுக்கொண்டோம். இடங்களைப் பல வரிகளாகப் பிரித்து வைக்கும் மாற்றம் இன்னும் நல்ல பலனைத் தந்திருக்கும். ஆனால் பதிவு நாளுக்கு மூன்று வாரமே இருந்த நிலையில் தரவு அமைப்பைத் தொட விரும்பவில்லை.

மூன்றாம் சோதனை: அறிக்கையில் தெரியாத ஆறு விநாடி

அடுத்த பத்து நிமிடச் சோதனையில் எல்லா எண்களும் இலக்குக்குள் வந்தன. 99ஆவது பெர்சன்டைல்கூட அரை விநாடியை எட்டவில்லை. அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டோம். அதே நேரத்தில், சோதனை ஓடும்போது தன் உலாவியில் சும்மா ஒரு பதிவு செய்து பார்த்த நிரலாளர், தனக்கு ஆறு விநாடி ஆனதாகச் சொன்னார். ஒருமுறைதான். பிறகு எத்தனை முறை முயன்றும் உடனுக்குடன் பதிவானது.

தற்செயல் என்று தள்ளிவிடாமல் மூல அளவீடுகளைத் தேடினோம். பத்து நிமிடத்தில் இரண்டு இடங்களில், ஆறு ஆறு விநாடிக்குச் செயலி முழுவதுமாக நின்றிருந்தது. அப்படியிருந்தும் பெர்சன்டைலில் அது தெரியாததற்குக் காரணம் எங்கள் த்ரெட் அமைப்பு. ஒரு த்ரெட், தன் முந்தைய முயற்சிக்கு மறுமொழி வந்த பிறகே அடுத்ததைத் தொடங்கும். சர்வர் நின்றால் 600 த்ரெட்களும் அதனோடு சேர்ந்து நின்றுவிடும். ஆறு விநாடியில் வந்திருக்க வேண்டிய 3,600 முயற்சிகளுக்குப் பதிலாக 600 மட்டுமே தாமதமாகப் பதிவாகின. இரண்டு முறைக்கும் சேர்த்து 1,200. அது மூன்றரை லட்சம் அளவீடுகளில் நூற்றுக்கு அரைப் பங்கு கூட இல்லை. மனிதர்களோ சர்வர் நின்றுவிட்டது என்பதற்காக வராமல் இருக்கமாட்டார்கள். சோதனைக் கருவி சர்வரின் தடுமாற்றத்துக்கு இசைந்து தானும் ஒதுங்கிக்கொள்ளும் இந்தப் பிழைக்கு, கில் டெனே என்ற பொறியாளர் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயரிட்டிருக்கிறார். அதைப் பற்றிப் படித்திருந்தும், எங்கள் சொந்த ஸ்கிரிப்டில் அது இருக்கும் என்று எண்ணவில்லை.

ஜேமீட்டர் 5.5 முதல் ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் என்ற அமைப்பு இருக்கிறது. மறுமொழி வந்ததா இல்லையா என்று பாராமல், சொன்ன வீதத்தில் புதிய முயற்சிகளைத் தொடங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு மாறினோம். அதே சர்வர், அதே விநாடிக்கு 600. ஆனால் 99ஆவது பெர்சன்டைல் 3 விநாடியைத் தாண்டியது. இரண்டு நிறுத்தங்களிலும் சிக்கிய 7,200 முயற்சிகள் இப்போது கணக்கில் வந்துவிட்டன.

நிறுத்தம் ஏற்பட்ட நேரங்களைத் தரவுத்தள லாக் கோப்புடன் ஒப்பிட்டதும் காரணம் துலங்கியது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் செய்து, நினைவகத்தில் மாறிய பக்கங்களை வட்டுக்கு எழுதுகிறது. 13ஆம் பதிப்பில் அந்த எழுத்து வேலை, இடைவெளியின் பாதி நேரத்துக்குள் முடிக்கும்படி அமைந்திருந்தது. 14ஆம் பதிப்பில்தான் அந்தப் பங்கின் இயல்பு மதிப்பு 0.5-இலிருந்து 0.9-ஆனது. எங்கள் தரவுக் கோப்புகளும், கமிட் ஒவ்வொன்றும் எழுத வேண்டிய டபிள்யூஏஎல் (மாற்றங்களை முன்கூட்டியே பதியும்) கோப்புகளும் ஒரே வட்டில் இருந்தன. செக்பாயின்ட்டின் இறுதியில் வட்டு நிரம்பி வழியும்போது கமிட்கள் எல்லாம் அதன் பின்னால் தேங்கின.

மதிப்பை 0.9-ஆக்கினோம், செக்பாயின்ட் இடைவெளியை 15 நிமிடமாக்கினோம், இயல்பாக 1 ஜிபியாக இருந்த டபிள்யூஏஎல் வரம்பை அதற்கேற்ப உயர்த்தி, டபிள்யூஏஎல்லைத் தனி வட்டுக்கு மாற்றினோம். சர்வர் எதிர்பாராமல் விழுந்தால் மீண்டெழ அதிக நேரம் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இதைச் செய்தோம். நிறுத்தம் ஆறு விநாடியிலிருந்து அரை விநாடிக்கும் கீழே குறைந்தது.

விட்டுவைத்த மாற்றம் திரும்பி வந்தது

ஆனால் இன்னொன்று உறுத்தியது. வட்டை மாற்றுவதற்கு முன் எடுத்த வரைபடங்களில், ஆறு விநாடி நிறுத்தம் தீர்ந்த பிறகும் மறுமொழி நேரம் பழைய நிலைக்கு வர 40 விநாடி வரை ஆகியிருந்தது. தேங்கியது ஆறு விநாடி வேலை. அதைத் தீர்க்க ஏன் இவ்வளவு நேரம்?

முதல் வாரத்தில் உயர்த்திவிட்டு மறந்துபோன பூல் அளவு இங்கேதான் வெளிப்பட்டது. தேக்கம் உடைந்ததும் 400 இணைப்புகளும் ஒரே நேரத்தில் எட்டு கோர்கள் மேல் பாய்ந்தன. பாதி நேரம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதிலேயே கழிந்தது. பூலின் அளவை ஊகித்து வைக்காமல், 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதியைக் கொண்டு கணக்கிட்டோம். ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. எங்கள் அளவீட்டில் ஒரு முயற்சி தரவுத்தள இணைப்பைச் சராசரியாக 60 மில்லிவிநாடி வைத்திருந்தது. 600 முறை 0.06 என்றால் 36 இணைப்புகள். தொடக்கத்தில் இருந்த 40 மிகவும் இறுக்கம்; 400 பத்து மடங்குக்கும் மேல். ஒவ்வொரு பூலுக்கும் 20, மொத்தம் 80 என்று வைத்தோம். போஸ்ட்கிரெஸின் 100 இணைப்புகளில் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை; மீதமுள்ள 97-க்குள் இது அடங்கியதால், உச்சவரம்பையும் 100-க்கே திருப்பினோம்.

பூலில் இணைப்பு கிடைக்காமல் காத்திருக்கும் நேரம் ஹிகாரியில் இயல்பாக 30 விநாடி. அதை 3 விநாடியாகக் குறைத்தோம். அரை நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட, இப்போது நெரிசல், சற்றுப் பொறுத்து முயலுங்கள் என்று உடனே சொல்வது வருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நாங்கள் நினைத்தோம்.

விளைவு

இறுதிச் சோதனையை அரை மணி நேரம் ஓட்டினோம். விநாடிக்கு 600 புதிய முயற்சிகள், உண்மைப் பங்கீடு, திறந்த வருகை முறை. 95ஆவது பெர்சன்டைல் இலக்குக்குள் நின்றது; பிழைகள் கணக்கில் எடுக்கத்தக்க அளவில் இல்லை.

பதிவு நாளன்று, திறப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு தரவுத்தளப் பொறுப்பாளர் கையால் ஒரு செக்பாயின்ட்டை இயக்கினார். நெரிசலான முதல் சில நிமிடங்களுக்குள் அடுத்தது குறுக்கிடக்கூடாது என்பதே நோக்கம். பதிவு திறந்தது. பதிவுகள் தடையின்றி நடந்தன. முந்தைய முறை போல முடக்கம் இல்லை; இரு முறை பதிவானதாகவோ, பதிவாகி மறைந்ததாகவோ ஒரு புகாரும் வரவில்லை.

குறை ஒன்று இருந்தது. இடம் தீரும் நிலையில் பலர் பட்டியல் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்கள். ஒரு முயற்சிக்கு ஒரு பட்டியல் பார்வை என்று நாங்கள் ஸ்கிரிப்டில் எழுதியிருந்தோம். உண்மையில் அதைப் போல் பல மடங்கு வந்தது. சில நிமிடங்களுக்குப் பட்டியல் பக்கம் இரண்டு விநாடி வரை எடுத்துக்கொண்டது. பதிவைப் பாதிக்கவில்லை என்றாலும், நாங்கள் அளக்காத ஓர் இடத்தில்தான் அந்த மந்தம் வந்தது.

அடுத்த முறைக்கு மாற்றியவை

சோதனையைத் தொடங்கும் முன், செயலியை விட்டுவிட்டு, உடனுக்குடன் மறுமொழி தரும் வெறும் நிலைப்பக்கம் ஒன்றின் மேல் சோதனைக் கணினிகளை முழு வீதத்தில் பத்து நிமிடம் ஓட்டுகிறோம். அங்கே எட்ட முடியாத எண்ணைச் செயலியில் எட்ட முடியாது என்பதால், கருவியின் எல்லை முதலிலேயே தெரிந்துவிடுகிறது. 30 விநாடி ஒத்திகை ஸ்கிரிப்டில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே. அதன் எண்களை யாரும் குறித்துக்கொள்வதில்லை.

அமைப்பு மாற்றம் ஒவ்வொன்றும் எந்த அளவீட்டை மாற்றும் என்று முன்கூட்டியே எழுதப்படுகிறது. அது மாறாவிட்டால் அன்றே பழைய மதிப்பு திரும்புகிறது. பூல் அளவை உயர்த்திய நாளில் இந்த ஒரு வழக்கம் இருந்திருந்தால் மூன்றாம் சோதனையின் குழப்பத்தில் பாதி இருந்திருக்காது.

பட்டியல் பக்கத்தின் புதுப்பிப்பு வீதத்தைப் புதிய லாக் கோப்புகளிலிருந்து எடுத்து ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டோம். சோதனைத் தரவில் வகுப்புகளின் இடங்கள் ஒருபோதும் தீராத அளவுக்கு வைக்கப்பட்டிருந்ததால், இடம் தீர்ந்த பிறகு மக்கள் என்ன செய்வார்கள் என்ற பகுதியைச் சோதனை தொடவே இல்லை. இப்போது உண்மையான இட எண்ணிக்கையையே கொடுக்கிறோம். இடங்களைப் பல வரிகளாகப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது முடிந்ததும், விநாடிக்கு 600 என்ற வீதத்திலிருந்து தொடங்கி, செயலி எங்கே முறிகிறது என்று தெரியும் வரை வருகையை ஏற்றிப் பார்ப்பதாகத் திட்டம்.